பங்குனி ஆமைக்குக் காவல்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். அமீனாவைப் பொறுத்தவரையில் அந்தப் பழமொழிக்கு ஆட்சேபம் சொல்வார் யாருமில்லை. ஆனால் ஆமை அப்படி என்ன குற்றம் செய்துவிட்டது என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரித்திருந்தால், அந்தச் சாதுப் பிராணிக்கு யார் வீட்டிலும் புகும் உத்தேசமே கிடையாது என்றும், நாம்தான் அதன் வீட்டில் புகுந்து அட்டகாசம் செய்து வருகிறோம் என்றும் தெரிந்திருக்கும்.

சென்னைப் பட்டணத்தில் கால்நடையாகப் போகிறவர்கள் மூன்று ரகம். வைத்தியருக்குப் பயந்து நடப்பவர்கள் முதல் ரகம். பஸ் கிடைக்காமல் நடப்பவர்கள் இரண்டாவது ரகம். பிரார்த்தனையை முன்னிட்டு நடப்பவர்கள் மூன்றாவது ரகம். இந்த மூன்றிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரையில், ஊரெல்லாம் உறங்கும் வேளையில், நீலாங்கரையிலிருந்து எலியட்ஸ் கடற்கரை வரை சுமார் 7 கிலோ மீட்டர் தூரம் இவர்கள் மணலில் நடக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. பருவம் முடியும் வரையில் ஒவ்வோர் இரவும் நடக்கிறார்கள். கூலி கிடையாது. பரிசு கிடையாது. மறுநாள் காலேஜில் தூங்கி வழிவது ஒன்றுதான் கைகண்ட பலன். எதற்காக இத்தனை சிரமம் என்றால், கரையேறி முட்டையிட வரும் கடலாமையின் சுவட்டைக் கண்டுபிடிப்பதற்காக!

இந்தக் காரியம் நேற்று ஆரம்பித்ததல்ல. 1970-களின் முற்பகுதியில், சென்னைப் பாம்புப் பண்ணையை ஸ்தாபித்த ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய சகாக்களும் இந்தக் கரையோரமாக இரவில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். பாம்புக்கே அஞ்சாதவர்கள் பழமொழிக்கா அஞ்சப் போகிறார்கள்? அந்தக் கோஷ்டியில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஸதீஷ் பாஸ்கர். இஞ்சினீயரிங் படிக்கச் சென்னைக்கு வந்த அந்த இளைஞர், படிப்பை விட்டுவிட்டு ஆமையைப் பற்றிக்கொண்டார். பாரத தேசத்துக் கரையோரத்தில் 4,000 கிலோ மீட்டருக்கு மேல் நடந்தே திரிந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று கணக்கெடுத்தார். 1982-ம் வருஷத்து மழைக்காலத்தில் லக்ஷத்தீவுகளில் ஆள் நடமாட்டமற்ற ஒரு தீவில் தன்னந்தனியாகப் பல மாதம் தங்கினார். அங்கே தபாலாபீஸ் ஏது? மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அந்தப் புட்டி இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் அகப்பட்டு, தபாலில் சேர்ந்து, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், நடந்ததோ உண்மை. அந்தப் பெருந்தகை 2023-ம் வருஷத்தில் காலமானார்.

1988-ம் வருஷத்தில் சென்னை மாணவர்கள் சிலர் சேர்ந்து, கடலாமைகளைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு மாணவர் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அன்றைய மாணவர்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. சங்கத்துக்கு மட்டும் நரை தட்டவில்லை. வருஷா வருஷம் புதிய பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். வனத்துறையின் அனுமதி பெற்று, கூடுகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் மீண்டும் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். வாரக் கடைசி இரவுகளில் பொது ஜனங்களையும் உடன் அழைத்துச் செல்வது இவர்கள் வழக்கம். மாசி மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒன்றில் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டோம்.

புறப்பாடு

நீலாங்கரைக் கடற்கரைக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நிலவு இல்லாத இரவு. சுமார் முப்பது பேர் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரிடையரான தலைமை ஆசிரியர் ஒருவர், கைத்தடியுடன். பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் பெண்ணும். பேரனைத் தனியே அனுப்ப மனமின்றித் தாமும் கிளம்பி வந்துவிட்ட மாமி ஒருவர். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர். இத்தனை பேருக்கும் தலைமை வகித்தவள் ஒரு கல்லூரிப் பெண். வயது இருபதுக்கு மேல் இராது. ஆனால் அவள் பேச ஆரம்பித்ததும் தலைமை ஆசிரியர் கூட வகுப்புப் பையனைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டார்ச்சு விளக்கு ஏற்றக் கூடாது. போட்டோ எடுக்க வெளிச்சம் போடக் கூடாது. இரைந்து பேசக் கூடாது. ஆமை கரையேறும்போது வெளிச்சத்தையோ ஆட்களையோ கண்டால், முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். கொண்டு வந்த காகிதத்தையும் புட்டியையும் திரும்ப எடுத்துப் போக வேண்டும்" என்று அவள் சட்டங்களை அடுக்கினாள்.

"ஏம்மா, கும்மிருட்டில் பூச்சி பொட்டு இருந்தால்?" என்று மாமி கேட்டார்.

"நண்டு இருக்கும், மாமி. உங்களைக் கண்டால் அதுதான் ஓடும்."

பிறகு ஆமைப் புராணம் தொடங்கிற்று. சென்னைக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஓட்டின் நீளம் இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும்; எடை 35 முதல் 50 கிலோ வரையில் இருக்கலாம். கடலில் வாழ்ந்தாலும் மீனைப் போல் தண்ணீரில் மூச்சு விடத் தெரியாது. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐம்புலனையும் அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமை கூறினார் அல்லவா? அது குளத்து ஆமைக்குப் பொருந்தும். கடலாமைக்கு அந்த வித்தை தெரியாது. தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. ஆபத்து வந்தால் ஓடு ஒன்றுதான் துணை.

ஆண் ஆமை கடலில் இறங்கிய நாளிலிருந்து கரைக்கு வருவதில்லை. பெண் மட்டும் பருவமடைந்ததும், தான் பிறந்த கரையையோ அதற்குப் பக்கத்துக் கரையையோ தேடி வருகிறது. சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம்போல் குழி பறித்து, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதற்கப்புறம் கூட்டைப் பார்க்க வருவதே இல்லை. முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனை என்று பார்ப்பவர்கள் உருகுவார்கள். உண்மையில் அது உடம்பில் மிகுந்த உப்பைக் கழிக்கும் வழி. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலும் பெண், குறைந்தால் ஆண்.

"ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்று பெரிதாகி வளரும் என்று சொல்வார்கள்" என்று முடித்தாள் அந்தப் பெண். கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினோம்.

கரையோரக் காட்சிகள்

வடக்கு நோக்கிய நடை. வலப்புறம் கடல், இடப்புறம் பட்டணம். அலை எட்டும் கோட்டுக்குச் சற்று மேலாக ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். முதல் அரை மணி நேரம் கால் புதைந்து புதைந்து வலி எடுத்தது. அப்புறம் கால்களுக்கே ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. மேற்கே வேட்டைக்காரன் என்னும் மிருகசீரிஷ மண்டலம் மாடி வீடுகளின் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வட வானத்தில் சப்தரிஷிகள் உயர எழுந்து நின்றார்கள். பட்டணத்தில் இருந்துகொண்டு நக்ஷத்திரம் பார்க்க வேண்டுமானால் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

நீலாங்கரைக்கு அப்புறம் பாலவாக்கம், பிறகு கொட்டிவாக்கம். ஒரு காலத்தில் இவை சவுக்கும் தாழையும் மண்டிய கிராமங்கள். மணல் மேட்டில் அடும்புக் கொடி படர்ந்திருக்கும். இப்போது அடும்பு அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் மதில் சுவர். சில மாளிகைகளின் மதில், அலை வந்து தொட்டுப் போகும் தூரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மதிலின் மேலும் கடலைப் பார்த்து ஒரு விளக்கு. யாருக்காக அந்த விளக்கு எரிகிறது? கப்பலுக்கா? கலங்கரை விளக்கம் வேறு இருக்கிறது. திருடனுக்கா? அவனுக்கு அது உபகாரம். வீட்டில் இருப்பவர்களோ திரையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்.

இடையிடையே குப்பங்கள். கரைமேல் ஏற்றி வைத்த படகுகள். குவியலாகக் கிடக்கும் வலை. அதன்மேல் சுருண்டு படுத்திருக்கும் நாய். எங்களைக் கண்டதும் நாய்கள் எழுந்து பார்த்துவிட்டு, 'இவர்கள்தானா?' என்பதுபோல் மறுபடி படுத்துக்கொண்டன. இந்த நாய்களும் ஆமைக்குப் பகைதான். மோப்பம் பிடித்துக் கூட்டைத் தோண்டிவிடும். முன் காலத்தில் நரி தோண்டியது; மனிதர்களும் தோண்டி உண்டார்கள், விற்றார்கள். 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் கடலாமைக்கும், புலிக்கும் யானைக்கும் தருகிற அதே முதல் வரிசைக் காப்பைத் தந்திருக்கிறது. ஆனால் நாய் சட்டம் படிப்பதில்லை.

ஒரு கேள்வியும் அதன் பதிலும்

கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னே சென்றவர்கள் நின்றார்கள். மணலில் கறுப்பாக ஏதோ கிடந்தது. 'ஆமை, ஆமை!' என்று மாமியின் பேரன் ஆசையுடன் ஓடினான். கிட்டப் போனதும் நின்றுவிட்டான். அது ஆமைதான், ஆனால் உயிர் இல்லை. கண்கள் பிதுங்கிக் கழுத்து வீங்கியிருந்தது. மாணவர்களில் ஒருவன் அளவுகோலை எடுத்து ஓட்டை நீளமும் அகலமுமாக அளந்தான். இன்னொருவன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். மறுநாள் மற்றொருவர் வந்து அதையே இரண்டாம் தடவை எண்ணிவிடாதபடி ஓட்டின் மேல் ஓர் அடையாளம் செய்தார்கள்.

"வலையில் அகப்பட்டு மூச்சு முட்டிச் செத்தது" என்று தலைவி சொன்னாள். 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. காலையில் காற்று வாங்கப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். பத்திரிகைகள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தலைமை ஆசிரியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார்: "அம்மா, கோபித்துக்கொள்ளாதே. ஒரு கூட்டில் நூறு முட்டை. ஆயிரத்தில் ஒன்று பிழைக்கும் என்கிறாய். அப்படியானால் பத்துக் கூடு எடுத்தால் ஓர் ஆமை. ஆயிரம் ஆமை ஒரே மாதத்தில் செத்துப் போனால், பத்தாயிரம் கூடு எடுத்தல்லவா ஈடு செய்ய வேண்டும்? நீங்கள் இத்தனை கஷ்டப்பட்டு நடந்து என்ன பிரயோஜனம்?"

நம் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும், ஸார். ஆனால் நாங்கள் நடக்காவிட்டால், எத்தனை செத்தது என்று யார் எண்ணியிருப்பார்கள்?"

தலைமை ஆசிரியர் பதில் பேசவில்லை. நாமும் பேசவில்லை. எண்ணிச் சொல்ல ஆள் இருந்தால்தான் பத்திரிகைக்காரன் எழுதுகிறான்; நீதிபதி கேட்கிறார்; சர்க்கார் ஆபீஸில் பைல் நகர்கிறது. எண்ணுவதற்கோ யாராவது ராத்திரியில் எழுந்து நடந்திருக்க வேண்டும்.

திருவான்மியூருக்குச் சமீபத்தில் படகடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார். மாணவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. செத்த ஆமையைப் பற்றிச் சொன்னோம்.

"எங்க ஆயா காலத்துல முட்டையைத் தோண்டித் தின்னோம், இல்லேன்னு சொல்லலை" என்றார் அவர். "ஆனா வலையில ஆமை மாட்டினா, வலையை அறுத்தாவது விட்டுடுவோம் ஐயா. எங்க வலை கையால தூக்குற வலை. அதோ, தூரத்துல வெளிச்சம் தெரியுது பாருங்க. விசைப்படகு. அவங்க வலை மணிக்கணக்கா அடியில இழுபட்டுக்கிட்டே போவும். உள்ளே மாட்டினது மேலே வந்து மூச்சு வாங்க முடியுமா?"

"சட்டப்படி இவ்வளவு கிட்டே வரலாமா, பெரியவரே?"

"வரக்கூடாதுதான். ஆனா இறால் கரைக்கிட்டேதானே கிடைக்குது? அவனுக்கும் டீசல் கடன் இருக்குது, ஆள் கூலி இருக்குது. வெறும் படகோட திரும்பினா வட்டிக்காரன் விடுவானா? யாரைச் சொல்றது!"

அவர் சொன்னதில் இரண்டு பக்கத்து நியாயமும் இருந்தது. ஆமை முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், அது வந்து போகும் கரைகளுக்கு 5 கடல் மைல் தூரத்துக்குள் இழுவை வலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. ஆமை தப்பிக்க வழி செய்யும் கருவியும் இருக்கிறது. வலையின் நடுவில் ஒரு கம்பித் தட்டி. அதன் அருகே ஒரு வாசல். இறால் கம்பிகளுக்கிடையே புகுந்து பின்னால் போய்விடும். ஆமை தட்டியில் முட்டி வாசல் வழியே வெளியேறிவிடும். அந்த வாசலில் மீனும் போய்விடுமே என்று படகுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். கருவி வைக்காத வலையில் பிடித்தது என்பதற்காக, 2019-ம் வருஷத்தில் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. அந்த நஷ்டமும் கடைசியில் படகுக்காரர் தலையில்தான் விடிந்தது. விதி எழுதினால் மட்டும் போதாது. கடன்பட்டவன் அதன்படி நடக்க வகையும் செய்து தர வேண்டும். நகரவாசிகளாகிய நாம் மீன் மார்க்கெட்டில் இறாலை விலை பேசும்போது இதை நினைப்பதேயில்லை.

சுவடு

மணி இரண்டரை இருக்கும். தென்கிழக்கே விருச்சிகம் கடலிலிருந்து தலை தூக்கிக்கொண்டிருந்தது. மாமி தம் பேரனைப் பார்த்து, "இன்றைக்கு ஆமைக்கு லீவு போலிருக்கிறதுடா" என்று சொல்லி வாய் மூடவில்லை. முன்னால் போன மாணவன் கையை உயர்த்தினான்.

மணலில் ஒரு தடம். சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து கரையேறி வந்ததுபோல் இரண்டடி அகலத்தில் சுவடு மேலே ஏறியிருந்தது. சற்றுத் தூரத்தில் அதே மாதிரி இன்னொரு சுவடு கடலுக்கு இறங்கியிருந்தது. வந்த தடம் ஒன்று, போன தடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கலைந்த மணல். தாய் வந்து தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. அலை அதன் கடைசிச் சுவட்டை அப்போதுதான் அழித்துக்கொண்டிருந்தது.

தலைவி ஒரு மெல்லிய கோலை எடுத்து மணலில் மெதுவாக ஊன்றிப் பார்த்தாள். கெட்டி, கெட்டி, மறுபடியும் கெட்டி. ஓர் இடத்தில் கோல் தானாகவே சற்று இறங்கிற்று. உடனே கோலை வைத்துவிட்டு மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளலானாள். முழங்கை வரையில் கை உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு முட்டை! மேஜைப் பந்து போல உருண்டை. ஆனால் ஓடு கடினமில்லை, தோல்போல் மெத்தென்று இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டின் ஈர மணலோடு ஒரு பையில் அடுக்கினார்கள். உருட்டக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. முட்டையிட்டுச் சில மணி நேரத்துக்குள் கரு உள்ளே ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் அசைத்தால் செத்துவிடும். ஆகையால்தான் இந்த வேலையை மறுநாள் பகலில் வந்து சாவகாசமாகச் செய்ய முடிவதில்லை. மாமியின் பேரன் எண்ணிக்கொண்டே வந்தான். நூற்றுப் பதினேழு. குழியின் ஆழத்தையும் வாயகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். காப்பிடத்தில் அதே அளவில் குழி எடுத்துப் புதைக்க வேண்டும் அல்லவா?

அப்போது தலைமை ஆசிரியர் ஒரு விஷயம் சொன்னார். அகநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறதாம். நிறை சூலுற்ற ஆமை ஒன்று அடும்புக் கொடி சிதைய ஏறி வந்து மணல் மேட்டில் முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை காவல் காக்கிறது என்று அதில் வருகிறதாம். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் இந்தக் கரையோர வாழ்வை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள்! கொடி சரி, மணல் மேடு சரி, புதைத்தது சரி. காவல் ஒன்றுதான் சரியில்லை. ஆண் ஆமை கரைக்கு வருவதேயில்லை என்று சற்று முன்புதானே கேட்டோம்?

"காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போக அந்தப் புலவருக்கு மனம் வரவில்லை, பாவம்" என்றார் தலைமை ஆசிரியர்.

நாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த மாணவனைப் பார்த்தோம். சங்கப் புலவர் மனம் பொறுக்காமல் ஏற்படுத்திய அந்தக் காவல் உத்தியோகம், இத்தனை நூற்றாண்டு காலியாக இருந்து, கடைசியில் இந்தப் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது!

எலியட்ஸ் கடற்கரை

திருவான்மியூரைத் தாண்டி அஷ்டலக்ஷ்மி கோயில் கோபுரத்தைக் கடந்து எலியட்ஸ் கடற்கரையை அடைந்தபோது மணி நாலரை ஆகிவிட்டது. மணலில் வேலி கட்டிய ஒரு சதுரம். உள்ளே வரிசை வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் தேதியும் முட்டைகளின் எண்ணிக்கையும். இதுதான் முட்டைக் காப்பிடம். நாங்கள் கொண்டுவந்த நூற்றுப் பதினேழும் புதிய குழிக்குள் இறங்கின. புதிய குச்சி ஒன்று நடப்பட்டது. வெயில் கடுமையானால் மேலே நிழல் போடுவார்களாம். அதிகச் சூட்டில் பெண்ணாகவே பிறந்துவிட்டால் ஆமைக் குலத்தில் சுயம்வரத்துக்கு ஆள் கிடைக்காதே!

சற்று வடக்கே வெள்ளை வளைவுடன் நிற்கும் ஞாபகார்த்தச் சின்னத்தைச் சென்னைவாசிகள் அறிவார்கள். சினிமாவிலும் பார்த்திருப்பார்கள். அது யாருடைய ஞாபகார்த்தம் என்று அறிந்தவர்கள் குறைவு. ஷ்மிட் என்ற டென்மார்க் தேசத்தவர், 1930-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, இந்த இடத்துக்குச் சமீபத்தில் பிறர் உயிரைக் காப்பாற்ற உதவும்போது தாமே கடலில் மூழ்கி இறந்தார். அவர் எந்த ஊர், இவர்கள் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சின்னத்தின் படியில் உட்கார்ந்து பிள்ளைகள் செருப்பிலிருந்த மணலை உதறினார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. குப்பத்துப் படகுகள் கடலில் இறங்கத் தொடங்கின.

திருப்பிக் கொடுத்த வெளிச்சம்

நாற்பத்தெட்டு நாள் கழிந்து, பங்குனிக் கடைசியில் ஒரு மாலை, "உங்கள் கூடு பொரித்துவிட்டது" என்று சேதி வந்தது. போய்ப் பார்த்தோம். காப்பிடத்து மணல் குழிந்து, அதிலிருந்து கரும் பொத்தான்கள் போல் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தன. உள்ளங்கையில் இரண்டு கொள்ளும். பிறந்த நிமிஷத்திலிருந்து அவற்றுக்கு ஒரே அவசரம்.

மணலில் விட்டதும் நடந்ததுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. பல குஞ்சுகள் கடலை விட்டுத் திரும்பி, ரோட்டை நோக்கி ஓட ஆரம்பித்தன! இருட்டில் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையில் ஓடுவது அவற்றின் பிறவிக் குணம். ஆதி நாள் முதல் கரையைக் காட்டிலும் கடல்தான் வெளிச்சமாக இருந்து வந்தது. நிலவும் நக்ஷத்திரமும் அதில் பட்டு மினுங்கும். இப்போதோ தெரு விளக்கும் கடை விளக்கும் மாளிகை விளக்கும் கடலைத் தோற்கடித்துவிட்டன. ரோட்டுப் பக்கம் போன குஞ்சுக்குக் காக்கை, நாய், மோட்டார், அல்லது மறுநாள் வெயில் எமனாகிறது.

அன்று இரவு எங்களை டார்ச்சு ஏற்றக் கூடாது என்று தடுத்த அதே பெண், இப்போது முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு டார்ச்சை உயர்த்திப் பிடித்தாள். குஞ்சுகள் தயங்கின, திரும்பின, அந்தச் சிறு வெளிச்சத்தை நோக்கி ஓடலாயின. பட்டணம் கடலிடமிருந்து பறித்துக்கொண்ட வெளிச்சத்தை ஒரு பெண் தன் கையால் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் அலை வந்து நாலைந்து குஞ்சுகளை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த அலை இன்னும் சிலவற்றை. பத்து நிமிஷத்தில் மணலில் ஒன்றுகூட இல்லை. கோலம் போட்டாற்போல் மெல்லிய சுவடுகள் மட்டும் இருந்தன.

கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து மே வரையில் கடலைப் பார்த்து எரியும் விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். மின்சாரச் செலவு மிச்சம், புண்ணியமும் உண்டு. மற்றவர்களுக்கு வேறொரு வேண்டுகோள். வருஷத்தில் ஓர் இரவு குழந்தைகளை அழைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகளுடன் நடந்து வாருங்கள். ஆமை தென்படாமல் போகலாம். பல இரவுகள் அப்படித்தான் போகின்றன. ஆனாலும் நம் பட்டணத்துக்கு ஒரு கடல் இருக்கிறது என்பது அன்றிரவு தெரிந்துவிடும்.

அந்த நூற்றுப் பதினேழில் ஏதாவது ஒன்று பிழைத்துப் பெண்ணாக வளர்ந்தால், சுமார் பன்னிரண்டு பதினைந்து வருஷத்தில், ஒரு மாசி இரவில், இந்தக் கரையைத் தேடிக்கொண்டு வரும். இப்போது நடக்கும் மாணவர்கள் அதற்குள் எந்தெந்த ஊரிலோ குடித்தனம் செய்துகொண்டிருப்பார்கள். அன்று இந்த மணலில் நடக்க வேறு நாலு பேர் வேண்டும். மாமியின் பேரனுக்கு இப்போது வயது ஒன்பது. அடுத்த மாசிக்கும் தன்னை அழைத்துப் போக வேண்டும் என்று அவன் பாட்டியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.